ஆறு திருப்பிக் கொடுத்த பதக்கம்

எங்கள் ஊர் அம்மனுக்கு வருஷம் முழுக்க கவரிங் நகைதான். தை மாதம் ஆற்றுத் திருவிழா அன்றைக்கு மட்டும் அதையும் கழற்றிவிடுவார்கள். சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாள் அது. குருவிநத்தத்துச் சாமி, சோரியாங்குப்பத்துச் சாமி, அக்கரையில் கடலூர்ப் பக்கத்துச் சாமிகள் என்று ஒவ்வொன்றாகப் பளபளவென்று மணலில் வந்து இறங்கும். எங்கள் அம்மன் மட்டும் மஞ்சள் புடவையும் கதம்ப மாலையுமாக வெறுங்கழுத்தோடு வருவாள். வசதி இல்லாமல் இல்லை, வழக்கம் அப்படி. அவள் நகை ஆற்றிடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கத்தான் அவள் வருஷா வருஷம் வருகிறாள் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை.

பூசாரி மஞ்சள் தண்ணீரை ஆற்றில் ஊற்றுவார். உடனே பெண்கள் ஆற்றைத் திட்ட ஆரம்பிப்பார்கள். கும்பிடுவதில்லை, திட்டுவதுதான்.

"குடுக்கறியா இல்லையா?"

"எம்மாங் காலமா வச்சிக்கினு இருப்ப? வெக்கமா இல்ல?"

"மூஞ்சப் பாரு, திருட்டு மூஞ்சி!"

தண்ணீர் இல்லாத வருஷங்களில் வெறும் மணலைத் திட்டுவார்கள். மாமியாரிடமும் புருஷனிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அன்றைக்கு ஆறு வாங்கிக் கட்டிக்கொள்ளும். காலனிக்காரர்கள் நாங்கள் கொஞ்சம் தள்ளி மணல்மேட்டில் நிற்போம். அம்மனைத் தொட்டுக் கும்பிடத்தான் எங்களுக்கு வழக்கம் இல்லை. ஆற்றைத் திட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை. எங்கள் அம்மாவின் குரல் அத்தனை குரலையும் தாண்டிக் கேட்கும். வயலில் நடவுப் பாட்டுக்கு முதல் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை.

நகை எப்படி ஆற்றுக்குப் போனது என்பதற்கு ஒரு கதை உண்டு. இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இரண்டு கட்சியாக அடித்துக்கொண்ட காலம். ஒரு படை தோற்று ஓடியது. ஓடுகிறவன் சும்மா ஓடுவானா? போகிற போக்கில் கோயிலை உடைத்து அம்மன் நகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டான். ஆற்றைக் கடக்கும்போது மேற்கே பெய்த மழையில் வெள்ளம் புரண்டு வந்து வண்டியையும் மாட்டையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தப் படை என்று மட்டும் யாருக்கும் நிச்சயமில்லை. ஊரில் பாதிப்பேர் இங்கிலீஷ்காரன் என்பார்கள், பாதிப்பேர் பிரெஞ்சுக்காரன் என்பார்கள். அக்கரையில் கேட்டால் நவாபின் குதிரைக்காரர்கள். அவரவருக்குப் பிடிக்காதவன் தலையில் போட்டுவிடுவது.

நான் இந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காலனியிலிருந்து படித்துப் போய் அதே பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். கடைசி பீரியடில் பிள்ளைகள் அடங்காவிட்டால் இந்தக் கதையைத்தான் கையில் எடுப்பேன். மாடு மிரள்வதற்கு ஒரு சத்தம், வண்டி கவிழ்வதற்கு மேஜையில் ஒரு தட்டு. நன்றாகவே சொல்வேன், சும்மா சொல்லக் கூடாது. ஒரு நாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நகை எப்பிடி இருந்துது?"

தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழைய நகை என்று எனக்குத் தெரிந்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பதக்கம். இரண்டு பறவைகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். மயிலும் இல்லை, அன்னமும் இல்லை. வால் மட்டும் நெருப்பு மாதிரி நீண்டு மேலே சுருண்டிருக்கும். நடுவில் வழவழவென்று ஒரு பச்சைக் கல். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் அந்தப் பறவைகளைச் சிலேட்டில் வரைந்து காட்டுவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகளும் என்னிடம் வந்து படித்தார்கள்.

அது எங்கள் அம்மாவின் பதக்கம்.

அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்தது. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கப்பலேறி வியட்நாமில் சைகோனுக்குப் போனார். அங்கே பட்டாளம் தோற்றுத் திரும்பியபோது இவரும் திரும்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி, இந்தப் பதக்கம். வந்த பிறகு குடித்தார், இருமினார், அந்த ஊரைப் பற்றி வாயே திறக்காமல் செத்தும் போனார். நான் அவரைப் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில் அம்மா அந்தப் பதக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு பெரிய வீட்டுக் கொல்லைக்கு நடவுக்குப் போயிருக்கிறாள். வரப்பில் நின்ற அந்த வீட்டு அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "ஏதுடி இது?" அவ்வளவுதான். கேட்ட விதமே போதும். அன்றைக்கு ஜாக்கெட்டுக்குள் போனதுதான், பிறகு வெளியே வரவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்து உள்ளே தொங்கவிட்டிருப்பாள். குனிந்து நடும்போது சில சமயம் வெளியே ஊசலாடும். சேற்றுக் கையால் உள்ளே தள்ளிக்கொள்வாள். பறவை வாலின் இடுக்குகளில் எந்நேரமும் வயல்சேறு காய்ந்து கிடக்கும். அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் வருஷா வருஷம் மணல்மேட்டில் நின்று ஆற்றைப் பார்த்து "குடுக்கறியா இல்லையா" என்று கத்துவாள். வீட்டுக்கு வந்து எங்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று மட்டும் அதை வெளியே எடுத்துப் போட்டாள். இருவரும் பாகூருக்குப் போய் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் போன பிறகு பதக்கம் எனக்கு வந்தது. கயிற்றைக்கூட நான் மாற்றவில்லை. அவள் வேர்வை ஊறிய கயிறு. முதலில் பீரோவில் வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பீரோவை நெம்பித் திருடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன்: சுருக்குப் பையில் போட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். திருடன் அரிசிக்குள் கைவிட மாட்டான் என்று எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வாய் நிற்காது.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்து ஓய்ந்த பிறகுதான் வெள்ளம் வந்தது. மேற்கே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லா வருஷமும் சொல்வதுதானே என்று இருந்துவிட்டோம். காலையில் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பினால் வாசல்படியில் தண்ணீர். பால் பொங்குவதற்குள் முழங்கால். வீட்டுக்காரருக்குக் கால் சரியில்லை. ஒரு கையில் அவர், ஒரு கையில் சர்ட்டிபிகேட் பை. அரிசியைக் கிளற நேரமில்லை. எப்படியோ பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். காலனி மொத்தமும் அங்கேதான் நின்றது.

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வீடுகளிலிருந்து சாமான்கள் வெளியே வந்தன. பீரோக்கள் வரவில்லை, இரும்பு, கிடந்த இடத்தில் கிடந்தது. டிரம்கள் வந்தன. எல்லா வீட்டிலும் அதே நீல டிரம். இரண்டு, நான்கு, பத்து என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரும்புக் கொல்லைப் பக்கமாக மிதந்து போயின. எது என்னுடையது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எதைப் பார்த்து அழுவது?

"அரிசிதான, போவட்டும் வுடு. உசுரு இருக்குதுல்ல," என்றார் வீட்டுக்காரர்.

நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் மாடு போன வீட்டுக்காரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு முன்னால் பதக்கம் போயிற்று என்று நான் எப்படி வாயைத் திறப்பேன்?

வடிகிற தண்ணீர் சும்மா வடியவில்லை. கோழிக்கூண்டிலிருந்து கட்டில் வரை கையில் அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டுதான் போனது. வீட்டுக்குள் இடுப்பளவுக்கு வண்டல். ஸ்டூடியோ போட்டோ சுவரிலேயே இருந்தது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஊறியிருந்தது. பிரித்தேன். என் முகம் பாதி வந்தது. அம்மா இருந்த இடத்தில் முகமும் இல்லை, கழுத்தும் இல்லை, ஊதாவும் மஞ்சளுமாக ஒரு கறை மட்டும் இருந்தது.

என் டிரம்மைப் பெரிய வீட்டுக் கரும்புக் கொல்லையில் கண்டுபிடித்தேன். பிடியில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணியால் அடையாளம் தெரிந்தது. மூடி இல்லை, உள்ளே ஒரு மணி அரிசி இல்லை. சுற்றிலும் கையால் சேற்றைக் கிளறிப் பார்த்தேன். கரும்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது, கால் வைக்கவே இடமில்லை. இன்னொரு நாள் மண்வெட்டியோடு வரலாம் என்று திரும்பினேன். அதற்குள் கொல்லைக்காரர்கள் வண்டலை அள்ள ஆள் விட்டுவிட்டார்கள்.

சத்தம் கேட்டபோது நான் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "அம்மன் நகை கெடச்சிடுச்சாம்! ஆறு குடுத்துடுச்சாம்!" என்று தெருவே ஓடியது. ஈரக் கையோடு நானும் ஓடினேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடும்போது என் நெஞ்சில் இருந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்றுதான் ஓடினேன்.

வரப்பில் கூட்டம். வண்டல் அள்ளிய பெண்களில் ஒருத்திக்குச் சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தாள். நடுவில் என் பழைய மாணவன் ஒருவன், இப்போது மீசையும் பிள்ளையும் வந்த ஆள், வாழையிலையில் பதக்கத்தை ஏந்திக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"தோ டீச்சரே வந்துட்டாங்க! டீச்சரக் கேளுங்கபா! ரெண்டு குருவி, நீட்டு வாலு, நடுவுல பச்சக் கல்லு. நீங்க சொன்னதே தான டீச்சர்?"

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதில் பாதிப்பேர் என்னிடம் சிலேட்டில் பறவை வரைந்தவர்கள். நெல் போய், மாடு போய், வீடு ஊறி, இத்தனை நாள் பிணம் மாதிரி நடமாடிய ஊர், அன்றைக்கு அழுதுகொண்டே சிரித்தது. ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தாயி நம்மள வுடல டீச்சர்," என்றாள்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று நன்றாகத் தெரியும். தொண்டையிலிருந்து வந்தது இதுதான்: "ஆமா. நான் சொன்னதுதான்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பாகூரிலிருந்து நகைப் பத்தரைக் கூட்டிவந்து காட்டினார்கள். "இது நம்ம பக்கத்து வேலையே இல்ல," என்று தலையை ஆட்டினார். ஊருக்கு அது போதாதா? அப்படியானால் ராஜா காலத்து வேலை. கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வந்தார்கள், தாலுக்காவிலிருந்து வந்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பதக்கம் கோயில் இரும்புப் பெட்டிக்குள் போயிற்று.

வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். "அம்மங்கிட்ட தான இருக்குது. வுட்டுடு," என்றார். அவருக்கு எது போனாலும் விட்டுவிட வேண்டியதுதான். எனக்கு அப்படி விடத் தெரியாது. மறுநாளே புடவையை மாற்றிக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன்.

தர்மகர்த்தா அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைதான். அம்மாவிடம் "ஏதுடி இது?" என்று கேட்ட அம்மாளின் மகன். என் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. "வாங்க டீச்சர்" என்று எழுந்து நின்று கூடத்தில் நாற்காலி போட்டார். அந்தக் கூடத்துக்குள் எங்கள் அம்மா கால் வைத்ததே இல்லை. உள்ளே காபிக்குச் சொல்லிவிட்டு, தன் மகன் சின்ன வயதில் என் கதையை வீட்டில் வந்து எப்படி நடித்துக் காட்டுவான் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன்.

"அது அம்மனுது இல்லிங்க. எங்கம்மாவுது."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாகக் கேட்டார்: "உங்க அம்மாவுக்கு ஏது டீச்சர்?"

அதே கேள்வி. 'டி' போய் 'டீச்சர்' வந்திருந்தது, அவ்வளவுதான்.

சைகோனைச் சொன்னேன், சொல்தாவைச் சொன்னேன். "சொல்தா சம்பளத்துல இம்மாம் பெரிய நகையா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே யோசித்துக் கேட்டார். அம்மாவும் இதைத் தன் அப்பாவிடம் கேட்டதில்லை, நானும் அம்மாவிடம் கேட்டதில்லை.

"கறுப்புக் கயித்துல கோத்திருக்கும். கொக்கிகிட்ட ரெட்ட முடிச்சு," என்றேன். என் கடைசிப் பிடி அதுதான்.

"இருந்துது," என்றார். "நான்தான் அறுத்துப் போட்டன். அம்மனுக்குக் கறுப்பு ஆவாது."

அந்தப் படை ஓடிய காலத்திலிருந்து ஆற்றில் கிடந்திருந்தால் கயிறு மக்காமல் முடிச்சோடு இருக்குமா? அது அவருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தது. காபி வந்தது. தம்ளரை என் கையிலேயே கொடுத்தார்கள்.

"நான் உங்கள நம்பறன் டீச்சர்," என்றார் கடைசியில். "ஆனா வெளிய சொன்னா இன்னா பேசுவாங்கன்னு பாருங்க. ஊரே பாத்துடுச்சி, அம்மன் நகைதான்னு. இப்ப போயி இது காலனியில இருந்துதுன்னு சொன்னா, நகை அம்மனுது இல்லன்னு ஆவாது. உங்கம்மா கண்டெடுத்து ஒளிச்சி வச்சிருந்தாங்கன்னுதான் ஆவும். எங்க கொல்லையில தான வேல செஞ்சாங்க. செத்துப்போன மனுஷி, அவங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேரு?"

மிரட்டல் என்றால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. பதக்கம் வேண்டுமென்றால் அம்மாவைத் திருடியாக்க வேண்டும். அம்மா வேண்டுமென்றால் பதக்கத்தை விடவேண்டும். காபியைக் குடித்துவிட்டு, "வரங்க," என்று எழுந்தேன். அறுத்த கயிற்றை எங்கே போட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன். வாசல் வரை வந்தும் கேட்க முடியவில்லை.

தை வந்தது. ஆற்றுத் திருவிழாவுக்கு அந்த வருஷம் கூட்டம் தாங்கவில்லை. அக்கரைச் சாமிகளை விட்டுவிட்டு ஜனங்களெல்லாம் எங்கள் அம்மனைப் பார்க்க ஓடி வந்தார்கள். பட்டுப்புடவை, சிவப்புக் கயிறு, அதில் அம்மாவின் பதக்கம். தேய்த்துக் கழுவியிருந்தார்கள், வால் இடுக்கில் சேறு இல்லை. பச்சைக் கல் வெயிலில் மின்னியது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் அது வெளிச்சத்தையே பார்த்ததில்லை.

பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். பழக்கத்தில் பெண்கள் வாயைத் திறந்து, திட்ட ஒன்றுமில்லை என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். சிலர் ஆற்றைக் கும்பிட்டார்கள். மணல்மேட்டில் நின்ற எனக்கு மட்டும் வயிற்றிலிருந்து எழும்பி வந்தது: குடுக்கறியா இல்லையா? யாரைக் கேட்பது? ஆறு கொடுத்துவிட்டது. அம்மன் எங்கள் பதக்கத்தைக் கேட்கவில்லை. ஊர் திருடவில்லை. தர்மகர்த்தா நல்லவர். என்னிடமிருந்து எடுத்தவர் என்று விரலை நீட்ட ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் என்னிடம் இல்லை.

அப்போதுதான் தர்மகர்த்தாவின் கேள்வி மறுபடியும் மனசுக்குள் வந்தது. சொல்தா சம்பளத்தில் இவ்வளவு பெரிய நகையா? தாத்தா தோற்று ஓடிய படையில் இருந்தவர். ஓடுகிறவன் சும்மா ஓடுவானா என்று எத்தனை முறை பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு முறைகூட எனக்கு எங்கள் வீடு ஞாபகத்துக்கு வந்ததில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பழைய மாணவன் மேட்டுக்கு ஏறி வந்தான். "கிட்ட வந்து பாருங்க டீச்சர், நான் கூட்டிட்டுப் போறன். உங்களுக்கு இல்லாததா?" என்றான். கீழே அம்மன் திரும்பி ஊரைப் பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நீ போப்பா, எனக்கு இங்கேருந்தே தெரியுது," என்றேன்.

அவன் போன பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி, "அது எங்கம்மாவுது," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். சைகோனில் அவர்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வார்களோ தெரியவில்லை. தாத்தாவிடம் ஒருத்தி சொல்லியிருப்பாள்.